கீசாவா, சக்காராவா? பிரமிடுகளுக்கு ஒரு நாள் மட்டும் என்றால்

கெய்ரோவில் விடுதி வரவேற்பறையில் கேட்டாலும் இணையத்தில் தேடினாலும், 'ஒரு நாள் பிரமிடுப் பயணம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரே சரக்குத்தான். காலையில் கீசா, நடுவே மெம்பிஸ், பிற்பகலில் சக்காரா. வாகனம், வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒரு விலை. இன்னும் கொஞ்சம் கொடுத்தால் தாஷூரையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்பார்கள். விலைப்பட்டியலைப் பார்க்கிறவருக்கு ஓர் இடம் கூடினால் லாபமும் கூடியது போலத் தோன்றும். வெயிலும் போக்குவரத்து நெரிசலும் மாலை நான்கு மணிக்கே ஆட்களை வெளியேற்றத் தொடங்கும் காவலர்களும் பட்டியலில் இருப்பதில்லை.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். நைல் நதிக்கு மேற்கே, வயல்கள் முடிந்து பாலைவனம் தொடங்கும் விளிம்பில், வடக்கிலிருந்து தெற்காக இந்த இடங்கள் வரிசையாக இருக்கின்றன. கீசா கிட்டத்தட்ட நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சக்காரா கெய்ரோவின் மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே. தாஷூர் அதற்கும் சுமார் 10 கிலோமீட்டர் அப்பால். மெம்பிஸின் எச்சங்கள் சக்காராவுக்குக் கிழக்கே, பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே, மித் ரஹினா என்ற ஊரில். 1979இல் யுனெஸ்கோ இந்த வரிசை முழுவதையும் ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

வரலாறு இதே வரிசையில் நடக்கவில்லை. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு கி.மு. 27ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அடுத்து ஸ்நெஃபெரு தாஷூரில் இரண்டு பெரும் பிரமிடுகளை எழுப்பினான். அவன் மகன் குஃபுதான் கீசாவின் பெரிய பிரமிடுக்கு உரியவன்; காலம் ஏறத்தாழ கி.மு. 2560. ஆக, வழக்கமான சுற்றுலாவில் மகன் கட்டியதைப் பார்த்து வியந்த பிறகுதான் அதற்கு முன்னோடிகளைப் பார்க்கிறோம். அதற்குள் கால் வலியும் பசியும் வந்துவிடும். படிப் பிரமிடைப் பார்த்து "இது சின்னதாக இருக்கிறதே" என்று சொல்லும் ஆட்களை அங்கே நிறையக் காணலாம்.

என் வாதம் இதுதான்: எத்தனை பிரமிடுகளைப் பார்க்கலாம் என்று கணக்குப் போடுவதைவிட, வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் எந்த இடத்தில் பலன் தரும் என்று கேட்பதே மேல். கீசாவை வழிகாட்டி இல்லாமலே பார்த்துவிட முடியும். சக்காராவை அப்படிப் பார்க்க முடியாது.

கீசா மட்டும்

இந்த இடத்தின் பெருமை கண்ணுக்கு நேராக நிற்கிறது. குஃபுவின் பிரமிடு கட்டியபோது சுமார் 146 மீட்டர்; உச்சிக்கற்கள் போய்விட்டதால் இப்போது 138 மீட்டருக்குச் சற்று மேல். அடிப்பகுதியின் ஒரு பக்கம் மட்டும் 230 மீட்டர். ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பக்கத்தில் காஃப்ரேயின் பிரமிடு. அதன் உச்சியில் மட்டும் பழைய வழுவழுப்பான மேலுறைக் கற்கள் தொப்பி போட்டதுபோல மிஞ்சியிருக்கின்றன. மூன்றாவது மென்கௌரேயினுடையது, சுமார் 65 மீட்டர். கீழே ஒரே பாறையில் குடைந்த 73 மீட்டர் நீள ஸ்பிங்க்ஸ். இந்தத் தகவல்களை விடுதியிலேயே படித்துக்கொண்டு போகலாம். அங்கே நின்று ஒருவர் சொல்லிக் கேட்பதால் கல் பெரிதாகிவிடாது.

முன்பு வழிகாட்டிக்கு வேறொரு வேலையும் இருந்தது: ஒட்டகக்காரர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றுவது. ஏற்றிவிடுவதற்கு ஒரு விலை, இறக்கிவிடுவதற்கு இன்னொரு விலை என்று சொல்லப்படும் கதைகள் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் 2025இல் ஃபையூம் சாலைப் பக்கம் புதிய நுழைவாயில் வந்து, உள்ளே ஏறி இறங்கும் மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கிய பிறகு தனியாகச் சுற்றுவது எளிதாகியிருக்கிறது. ஒட்டகம் வேண்டாம் என்றால் புன்னகை, பதில், பேரம் எதுவும் இல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். "எந்த நாடு?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன நொடியில் வியாபாரம் தொடங்கிவிடும்.

பெரிய பிரமிடுக்குள் போக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனி டிக்கெட், விலையும் அதிகம். குனிந்தே ஏற வேண்டிய செங்குத்தான பாதை, பிறகு 47 மீட்டர் நீளமும் எட்டரை மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள பெருங்கூடம், முடிவில் கருங்கல் அறை. அறையில் மூடியில்லாத, மூலை உடைந்த கல் பெட்டி ஒன்று. சுவரில் ஓர் எழுத்தோ ஓர் ஓவியமோ இல்லை. உள்ளே வெக்கையும் மனித வாடையும் கனமாக இருக்கும். வழிகாட்டிகள் உடன் வந்து விளக்குவதும் வழக்கமில்லை. பெருங்கூடத்தின் கட்டுமானத்துக்காகப் போகிறேன் என்பவர் தாராளமாகப் போகலாம். உள்ளே ஏதோ இருக்கும் என்ற ஆசையில் போகிறவர் ஏமாறுவார். அந்தப் பணத்துக்குக் கிழக்குக் கல்லறைத் தொகுதியில் மூன்றாம் மெரெசங் அரசியின் கல்லறை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாறைச் சுவரில் வரிசையாகச் செதுக்கிய பெண் சிலைகளும் வண்ணம் மங்காத சித்திரங்களும் அங்கே இருக்கின்றன; பலர் அதன் வாசலைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

கீசாவுக்கு மூன்று மணி நேரம் போதும். மீதி நாளில் அருகிலுள்ள மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் துட்டன்காமுனின் கல்லறைப் பொருள்கள், ஐயாயிரத்துக்கும் மேல், முதன்முறையாக ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. குஃபுவின் பிரமிடுக்குத் தெற்கே 1954இல் கண்டெடுத்த 43 மீட்டர் நீள மரப்படகும் இப்போது இங்கேதான். வெயிலுக்கு அஞ்சுபவர்கள், மூட்டு வலி உள்ள பெரியவர்கள், சிறு குழந்தைகளோடு வருபவர்கள் ஆகியோருக்குக் கீசாவும் இந்த அருங்காட்சியகமும் சேர்ந்த நாளே சரியானது. நுழைவு நேரத்தைக் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்காதீர்கள்.

கீசா, மெம்பிஸ், சக்காரா

அதிகம் விற்பது இதுதான் என்பதால் கடிகாரத்தை வைத்து ஒருமுறை பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு விடுதியில் ஏற்றுவார்கள். குழுப் பயணம் என்றால் நான்கைந்து விடுதிகளுக்கு அலைந்து கீசா சேர ஒன்பதரை ஆகும். பன்னிரண்டரை வரை கீசா. பிறகு 'பாப்பிரஸ் நிறுவனம்' என்ற பெயரில் ஒரு கடை. பாப்பிரஸ் கோரையின் தண்டைச் சீவி, நீரில் ஊறவைத்து, அழுத்திக் காகிதமாக்குவதைச் செய்து காட்டுவார்கள். செய்முறை சுவாரசியமானதுதான், ஐந்து நிமிடத்துக்கு. அடுத்து மதிய உணவு. சக்காரா சாலையில் தரைவிரிப்பு நெய்யும் 'பள்ளி' ஒன்று குறுக்கே வரும். மெம்பிஸில் அரை மணி. சக்காராவின் வாசலை மிதிக்கும்போது மணி மூன்றைத் தொட்டுவிடும். படிப் பிரமிடு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒரு கல்லறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மெம்பிஸ் இந்த நாளில் பந்தி இலை ஓரத்து ஊறுகாய். ஒன்றுபட்ட எகிப்தின் முதல் தலைநகர் என்ற பெயருக்கு மயங்கிப் போனால், கண்ணில் படுவது ஒரு சிறிய திறந்தவெளி அருங்காட்சியகம். நகரத்தின் கற்களைப் பிற்காலத்தில் கெய்ரோவைக் கட்ட எடுத்துப்போய்விட்டார்கள். மிச்சத்தை நைலின் வண்டல் மூடிவிட்டது. கால் பகுதி உடைந்து மல்லாந்து கிடக்கும் மன்னன் இரண்டாம் ராம்செஸின் பத்து மீட்டர்ச் சுண்ணாம்புக்கல் சிலை அழகானதுதான். மாடியிலிருந்து அதன் முகத்தை மேலிருந்து பார்க்க முடிவது ஒரு தனி அனுபவம். ஆனால் இதே மித் ரஹினாவில் கிடைத்த இன்னொரு ராம்செஸ் சிலை, 83 டன் கருங்கல், இப்போது புதிய அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அங்கே போகிறவர்கள் மெம்பிஸை விட்டுவிட்டு அந்த நேரத்தைச் சக்காராவுக்குக் கொடுக்கலாம்.

கீசாவும் சக்காராவும் ஒரே நாளில் முடியவே முடியாதா? முடியும், இரண்டு மாற்றங்களோடு. வாகனம் உங்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். மெம்பிஸும் கடைகளும் நீங்க வேண்டும். கீசா வாசல் திறக்கும்போதே நுழைந்து பத்தரைக்குள் கிளம்பினால், பன்னிரண்டு மணிக்கு முன்பே சக்காராவில் இருக்கலாம். வாழ்நாளில் ஒருமுறைதான் எகிப்து, கெய்ரோவில் ஒரு பகல்தான் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

சக்காரா, தாஷூர்

கெய்ரோவில் ஒன்றரை நாளாவது இருக்கிறவர்கள் கீசாவை அரை நாளில் தாங்களாகவே பார்த்துவிட்டு, முழு நாளையும் வழிகாட்டியையும் தெற்கே கொண்டுபோக வேண்டும். கையில் ஒரு பகல்தான் இருந்தாலும், கீசாவை விமானத்திலிருந்தோ நெடுஞ்சாலையிலிருந்தோ பார்த்தால் போதும் என்று சொல்லும் துணிச்சல்காரர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். அப்படி ஒருவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சக்காராவில் வழிகாட்டி ஏன் வேண்டும்? ஜோசரின் வளாகத்துக்குள் நுழையும்போது நாற்பது தூண்கள் கொண்ட நீண்ட நடை வருகிறது. ஒவ்வொரு தூணும் நாணல் கட்டுகளைச் சேர்த்துக் கட்டியதுபோல வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கூரைக் கல் பனந்துண்டுகளை அடுக்கியதுபோல உருண்டு இருக்கிறது. திறந்தபடி நிற்கும் கதவு ஒன்று, கீல் முதற்கொண்டு கல்லில் கடைந்தது. அதை மூட முடியாது. மரத்திலும் நாணலிலும் மண்ணிலும் கட்டிப் பழகியவர்கள், கல்லில் இவ்வளவு பெரிதாக முதன்முறை கட்டும்போது கைப்பழக்கத்தை விடாமல் அதே உருவங்களைக் கல்லில் எடுத்திருக்கிறார்கள். கட்டியவன் பெயரும் தெரியும்: இம்ஹோதெப். யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் நீங்கள் அந்தத் தூண்களைக் கடந்து நேராகப் பிரமிடை நோக்கி நடந்துவிடுவீர்கள். ஆறு அடுக்கும் சேர்ந்து சுமார் 62 மீட்டர். பதினான்கு ஆண்டுகள் இழுத்த புனரமைப்பு 2020 மார்ச்சில் முடிந்து, உள்ளே போகவும் அனுமதி வந்தது.

அதே வளாகத்தின் ஒரு கட்டடச் சுவரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மையால் எழுதிய கிறுக்கல்கள் இருக்கின்றன. இரண்டாம் ராம்செஸ் காலத்து எழுத்தர்கள் மெம்பிஸிலிருந்து பொழுதுபோக்காகச் சுற்றிப் பார்க்க வந்து, வந்ததை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் வந்தபோதே அந்தக் கட்டடத்துக்கு ஏறத்தாழ 1,400 வயது. சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்துக்கு நம் காலத்துப் பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை.

அடுத்து, கல்லறைகள். சக்காராவின் உயிர் இங்கேதான். பெரிய பிரமிடின் மொட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தீ என்ற அதிகாரியின் மஸ்தபாவுக்குள், அதாவது தட்டைக் கூரைக் கல்லறைக்குள், நுழைந்ததும் கண் நிறைந்துவிடும். மாடுகள் ஆழமில்லாத நீரைக் கடக்கின்றன. நீரின் அலைக்கோடுகளுக்குள் அவற்றின் கால்கள் தெரிகின்றன. முன்னால் போகிறவன் முதுகில் ஒரு கன்று. அது தலையைத் திருப்பித் தாயைப் பார்க்கிறது. தெத்தி மன்னனின் அமைச்சர் மெரெருகாவின் கல்லறையில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். அதில் ஒரு சுவரில் வரிக்கணக்கில் தவறிய ஊர்த்தலைவர்களைப் பிடித்து வந்து விசாரிக்கிறார்கள். ஒருவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள். பக்கத்தில் எழுத்தர்கள் சலனமில்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் காட்சிகளை நிதானமாக வாசித்துக் காட்டத்தான் படித்த வழிகாட்டி தேவை. நல்ல வழிகாட்டி ஒரு சுவருக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். அவசரத்தில் இருப்பவர் "விவசாயம், மீன்பிடி, பலி" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்.

தெத்தியின் பிரமிடு வெளியே மண்மேடு மாதிரிதான் தெரியும். உள்ளே இறங்கினால் கூரையெங்கும் நட்சத்திரங்கள், சுவரில் மேலிருந்து கீழாகச் சித்திர எழுத்துகள். மன்னன் விண்ணேறுவதற்கான மந்திரங்கள் இவை. முதன்முதலில் இப்படி எழுதப்பட்டது அருகிலுள்ள உனாஸின் பிரமிடில், கி.மு. 2350ஐ ஒட்டி. எது திறந்திருக்கும் என்பது காலத்துக்குக் காலம் மாறும். அன்று காலை கேட்டுக்கொள்வது வழிகாட்டியின் வேலை. தெய்வமாக வணங்கிய அப்பிஸ் காளைகளைப் புதைத்த செராபியத்தையும் விடாதீர்கள். 1851இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஒகுஸ்த் மரியெத் உள்ளே நுழைந்த நிலத்தடிச் சுரங்கம் அது. இருபுறமும் பள்ளங்களில் பல பத்து டன் எடையுள்ள கல் பெட்டிகள். காளைக்கு இவ்வளவா என்று கேட்காதவர் இல்லை.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. சக்காராவுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மணலில் நெடுந்தூரம். வாகனம் உள்ளே கூடவே வர வேண்டும். கீசாவுக்குப் போய்ச் சேர வண்டி கிடைத்தால் போதும். சக்காராவில் வண்டி நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

தாஷூர் பிற்பகலுக்கு. கூட்டமே இருக்காது, சில நாள்களில் நீங்களும் காவலரும் காற்றும்தான். வளைந்த பிரமிடு அடியில் சுமார் 54 பாகைச் சாய்வில் எழுந்து, பாதிக்கு மேல் சட்டென்று 43 பாகைக்குத் தாழ்கிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே விரிசல் கண்டு பயந்து சாய்வைக் குறைத்தார்கள் என்பதே பரவலான விளக்கம். அடுத்து எழுப்பிய சிவப்புப் பிரமிடை ஸ்நெஃபெரு தொடக்கத்திலிருந்தே அந்த 43 பாகையில் கட்டினான். உயரம் ஏறத்தாழ 105 மீட்டர். இரண்டும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் நின்றால், தவறும் திருத்தமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது விளங்கும். குஃபு எங்கிருந்து கற்றான் என்பதும் அங்கே புரியும்.

சிவப்புப் பிரமிடுக்குள் போகத் தனி டிக்கெட் வேண்டாம். ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். வடக்குச் சரிவில் 28 மீட்டர் உயரத்துக்குப் படி ஏறி, பிறகு 60 மீட்டருக்கும் மேல் நீளமான தாழ்ந்த சுரங்கத்தில் குனிந்தபடி பின்னோக்கி இறங்க வேண்டும். கீழே, கல் மேல் கல் உள்ளே நீண்டு நீண்டு உச்சியில் கூடும் அறைகள். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். மறுநாள் தொடை இரண்டும் பேசும். 1965இல் மூடி 2019 ஜூலையில் மீண்டும் திறந்த வளைந்த பிரமிடின் சுரங்கம் 79 மீட்டர். இரண்டுக்குள்ளும் ஒரே நாளில் போக நினைப்பது இளவட்டங்களுக்கே. மூச்சுத்திணறல், இதயக் கோளாறு, மூடிய இடத்தில் அச்சம் உள்ளவர்கள் வெளியே இருந்தே பார்க்கலாம். தாஷூரின் அழகில் பாதி வெளியேதான் இருக்கிறது.

சக்காராவுக்கு முதலில் போங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குழு வண்டிகள் காலையில் கீசாவில் இருக்கும். சக்காராவுக்கு மதியத்துக்கு மேல்தான் வரும். நீங்கள் அதற்குள் கல்லறைகளை முடித்துவிட்டுத் தெற்கே நகர்ந்துவிடலாம். கோடையில் மட்டும் இந்த வரிசையைத் திருப்புங்கள்: ஜூன் முதல் ஆகஸ்டு வரை பிற்பகலில் சிவப்புப் பிரமிடின் படிகளில் ஏறுவது தண்டனை.

நான்கையும் ஒரே நாளில்?

வேண்டாம். இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

கெய்ரோவிலிருந்து விமானத்தில் லக்சர் போய் இரவே திரும்பும் பயணத்தையும் சிலர் இதோடு ஒப்பிடுகிறார்கள். கர்னாக் கோயிலும் மன்னர் பள்ளத்தாக்கும் மகத்தானவை. ஆனால் அங்கே பிரமிடு பார்க்கப் போவதில்லை. அது வேறு கேள்வி, அதற்கு வேறு நாள் வேண்டும்.

குழு வண்டியா, தனி வண்டியா

தனியாகப் பயணம் செய்பவருக்குக் குழு வண்டி மலிவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் வராது. பல நேரம் தனி வண்டியே ஆதாயமாக இருக்கும். இதில் விலையைவிடக் கவனிக்க வேண்டியது, விலையில் எது அடங்கவில்லை என்பதுதான். மிகக் குறைந்த விலை சொல்பவர் அந்தக் குறைவைக் கடைகளின் கமிஷனில் ஈடுகட்டுவார். செலவாவது உங்கள் பகல்பொழுது. பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: கடை நிறுத்தம் இல்லை என்று உறுதி தருகிறீர்களா, வழிகாட்டி அரசு உரிமம் பெற்றவரா, நுழைவு டிக்கெட் விலைக்குள் உண்டா, வண்டி சக்காராவுக்குள் நாள் முழுக்க உடன் வருமா. பதில் வழவழ என்று வந்தால் அடுத்தவரிடம் போங்கள். 'கடை நிறுத்தம் இல்லை' என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம்; இந்தப் பயணத்தில் நேரத்தை விலைக்கு வாங்க முடிகிற ஒரே இடம் அது.

டிக்கெட் கவுன்டர்களில் பெரும்பாலும் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள். ரொக்கத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அதே சமயம் கல்லறைக் காவலர்களுக்கான பக்ஷீஷுக்கு, அதாவது அன்பளிப்புக்கு, சில்லறை நோட்டுகள் தேவைப்படும். பூட்டிய கதவைத் திறக்கிறேன், நல்ல இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துத் தருகிறேன் என்று வருவார்கள். வேண்டாமென்றால் தலையசைத்தால் போதும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். டிரோனை எடுத்துவரவே கூடாது, விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

மதிய உணவு பற்றிச் சைவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அரிசி, மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து மேலே தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும் போட்டுத் தரும் கோஷரி, மொச்சை மாதிரியான பெரிய பயற்றை அரைத்துப் பொரிக்கும் தாமியா இரண்டும் மலிவு, வயிற்றுக்கும் நிறைவு. சுற்றுலாக்காரர்களுக்கென்று சக்காரா சாலையில் வைத்திருக்கும் பெரிய உணவகங்களில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். முதல் நாள் மாலையே வழிகாட்டியிடம், காலையில் வரும்போது ஒரு கடையில் தாமியா பொட்டலம் வாங்கிவரச் சொல்லிவிடுங்கள். தாஷூருக்குப் போகும் வழியில் வண்டியிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.